மிச்சம் எட்டு

பெர்க்மான்ஸ் உள்ளே போய்ப் பன்னிரண்டு நிமிஷம் ஆகிவிட்டது. கதவைச் சாத்தும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று எமரென்சியாவுக்குத் தோன்றியது. என்ன வார்த்தை என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை. உள்ளதைச் சொல்லுங்க என்றா? அதைக் காலையிலிருந்து மூன்று தடவை சொல்லியாயிற்று, குளியலறை வாசலில் ஒருமுறை, காரில் ஏறும்போது ஒருமுறை, இந்தக் கட்டடத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி அவர் சாவியைச் சட்டைப்பையில் போடும்போது ஒருமுறை. மூன்று தடவையும் அவர் "சரிம்மா" என்றார். அந்தச் சரிம்மாவை அவளுக்கு இருபத்தோரு வருஷமாகத் தெரியும், பேச்சை அத்தோடு முடிக்கிற சரிம்மா அது. இப்போது உள்ளே டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டிருப்பாள், இவர் நல்லா இருக்கேன் என்று சொல்லியிருப்பார், சிரித்திருப்பார், ஒருவேளை டாக்டரின் பிள்ளைகளைப் பற்றிக்கூட விசாரித்திருப்பார். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இடது கையால் அதை அயர்ன் பண்ண முக்கால் மணி நேரம் ஆயிற்று, ஆனால் அந்த முக்கால் மணி நேரம் சட்டையில் எங்கே தெரியும், டாக்டர் பார்க்கப்போவது மடிப்புக் கலையாத கையை, மழித்த முகத்தை, பாலிஷ் போட்ட ஷூவை. "இந்தச் சட்டை வேண்டாமே, வீட்டுல போடுறதையே போட்டுட்டு வாங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். சொன்ன உடனே அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. கட்டின புருஷன் கொஞ்சம் அலங்கோலமாக வரக்கூடாதா என்று ஏங்குகிற பொம்பளையாகத் தான் எப்போது ஆனோம் என்று அவளுக்கு உடம்பு கூசியது, கூச்சம் போகவேயில்லை, இந்தப் பிளாஸ்டிக் நாற்காலி வரைக்கும் கூடவே வந்துவிட்டது.

எதிரே சுவரில் டிவி ஓடியது, சத்தம் இல்லாமல். யாரோ ஒருத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் தொப்பி வைத்த கிழவர் ஒருவர் வாய் பிளந்து தூங்கினார், தொப்பியில் அவர் இருந்த கப்பலின் பெயர். சான் அன்டோனியோவில் எங்கே போனாலும் இப்படித் தொப்பி வைத்த ஒருவர் இருப்பார், பட்டாளத்து ஊர் இது, கறிக்கடையில்கூட மாஜி சிப்பாய்க்குத் தள்ளுபடி என்று எழுதியிருக்கும். பெர்க்மான்ஸ் தொப்பி வைப்பதில்லை. தள்ளுபடியும் கேட்பதில்லை. தூத்துக்குடியில் டீசல் மெக்கானிக்காக இருந்தவர், அவளுடைய நர்ஸ் வேலைக்கு விசா வந்ததால் பின்னாலேயே வந்தவர், இங்கே வந்து இரண்டு வருஷம் பெண்டாட்டி சம்பளத்தில் சாப்பிடுகிறோம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவர், ஒருநாள் சாயங்காலம் வந்து பட்டாளத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றார். முப்பத்தொரு வயசு அப்போது. மகள் ரெனிட்டாவுக்கு மூன்று. "லாரி ரிப்பேர்தானே எமி, துப்பாக்கியா தூக்கப் போறேன்" என்றார். லாரி ரிப்பேர்தான். மூன்றாம் வருஷம் காந்தஹார் பக்கத்தில் ரிப்பேர் பண்ணின லாரியை இழுத்துக்கொண்டு வரும்போதுதான் ரோட்டுக்கு அடியில் வெடித்தது.

ரெனிட்டாவுக்கு இப்போது பதினெட்டு முடிந்துவிட்டது. நியூயார்க் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கிற ராணுவ அகாடமியில் சேர வேண்டும், அதிகாரியாக வெளியே வர வேண்டும், அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். மார்க் இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது, தண்டால் எடுத்தால் எமரென்சியாவுக்கு எண்ணி முடியாது. ஆனால் அந்த அகாடமிக்கு மார்க் மட்டும் போதாது, யாராவது ஒருவர் இந்தப் பிள்ளையைச் சேர்க்கலாம் என்று பெயர் கொடுக்க வேண்டும், அதற்கு நாமினேஷன் என்று பெயர். தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் கொடுக்கலாம், மாநிலத்தின் செனட்டர்கள் கொடுக்கலாம். போன வருஷம் மூன்று பேருக்கும் விண்ணப்பித்து, மூன்று இடத்திலும் நேர்முகத்துக்கு அதே கறுப்பு கோட்டைப் போட்டுக்கொண்டு போய், மூன்று இடத்திலிருந்தும் உன் ஆர்வத்துக்கு நன்றி என்று கடிதம் வாங்கினாள். அழவில்லை. உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்தாள், இந்த வருஷம் மறுபடி விண்ணப்பம் எடுத்தாள், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொரு வழி இருக்கும்மா என்றாள். பெற்றவர்களின் பட்டாளச் சேவையை வைத்துக் கிடைக்கிற வழி. அம்மாவோ அப்பாவோ தொடர்ந்து எட்டு வருஷம் சேவையில் இருக்க வேண்டும், அல்லது பட்டாளத்துப் பென்ஷனோடு ஓய்வு பெற்றிருக்க வேண்டும், அப்படியானால் குடியரசுத் தலைவர் பெயரில் நாமினேஷன் உண்டு. பெர்க்மான்ஸ் இருந்தது ஆறே வருஷம்.

ஆறு வருஷம், அதுகூடப் போகட்டும், அந்த ஆறாம் வருஷத்தில் பட்டாளத்து டாக்டர்கள் மெடிக்கல் போர்டு வைக்கிறோம் என்றார்கள், காயத்துக்காகப் பென்ஷனோடு அனுப்புகிறோம் என்றார்கள், இவர் மாட்டேன் என்றார். எனக்கு ஒண்ணும் இல்ல, மத்தவன மாதிரியே ஒப்பந்தம் முடிஞ்சு வெளியே போறேன், நொண்டின்னு எழுதி வாங்கிட்டுப் போக மாட்டேன். அன்றைக்கு அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றைக்கு இந்த நாற்காலி இல்லை. ஒரு கையெழுத்து. அதுவும் இடது கையால். எமரென்சியா அந்த நாளை எத்தனையோ தடவை சுற்றிச் சுற்றி வந்துவிட்டாள், அவள் அப்போது இரவு டியூட்டியில் இருந்தாள், போனில் கேட்டார், உங்க இஷ்டம் என்றாள். டயாலிசிஸ் மெஷின் ஒன்று கூவிக்கொண்டிருந்தது, பேஷண்டுக்கு பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது, உங்க இஷ்டம் என்று சொல்லிப் போனை வைத்தாள். வைக்காமல் இன்னும் இரண்டு நிமிஷம் பேசியிருந்தால்? பேசியிருந்தாலும் அவர் சரிம்மா என்றுதான் சொல்லியிருப்பார்.

அடுத்த வரியை ரெனிட்டா அன்றைக்கு வாய்விட்டே வாசித்துவிட்டாள். சேவையில் இறந்தவர்களின் பிள்ளைகள், அல்லது சேவையில் வந்த காயத்தால் நூறு சதவீதம் ஊனமுற்றவர்களின் பிள்ளைகள். அந்த வழியில் அகாடமியில் ஒரே நேரத்தில் அறுபத்தைந்து பேர் இருக்கலாம். வாசித்துவிட்டு, வாசித்தது என்ன என்று அப்போதுதான் உறைத்து, பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. பெர்க்மான்ஸ் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "நான் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேனே" என்று சிரித்தார். அவருக்கு அரசாங்கம் கொடுத்திருந்தது தொண்ணூறு சதவீதம்.

தொண்ணூறு என்றால் இன்னும் பத்துத்தானே என்று எமரென்சியா நினைத்தாள். அப்படி இல்லை. மாஜி சிப்பாய்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிற அலுவலகத்தில் மிஸ் டொலோரெஸ் என்று ஒரு அம்மா, தானும் பட்டாளத்தில் இருந்தவள், காகிதத்தில் போட்டுக் காட்டினாள். மனசுக்கு எழுபது கொடுத்திருக்கிறார்கள், சரியா, அப்படியென்றால் மிச்சம் இருப்பது முப்பது சதவீத ஆள். வலது கைக்கு நாற்பது, அதை நூறில் கழிக்கக் கூடாது, மிச்சம் இருக்கிற முப்பதில்தான் கழிக்க வேண்டும், பன்னிரண்டு போனால் பதினெட்டு. முதுகுக்கு நாற்பது, அந்தப் பதினெட்டில் ஏழு போனால் பதினொன்று. தலைவலிக்கு முப்பது, அந்தப் பதினொன்றில் மூன்று. மிச்சம் எட்டு. போனது தொண்ணூற்றிரண்டு, அதைத் தொண்ணூறு என்று எழுதுவார்கள். தொண்ணூற்றைந்து ஆனால் நூறு என்று எழுதுவார்கள். "அதாவது உன் வீட்டுக்காரரிடம் இன்னும் எட்டு சதவீதம் நல்ல மனிதர் மிச்சம் இருக்கிறார், அதில் மூன்று போக வேண்டும்" என்று சொல்லிவிட்டு மிஸ் டொலோரெஸ் பேனாவை மூடினாள். கிண்டல் ஒன்றும் இல்லை, அவள் குரலில் இரக்கமும் இல்லை, கணக்கு அப்படி. தலையில் பட்ட காயத்தை மறுபடி பரிசோதிக்கச் சொல்லி மனு போட்டாள். ஜனவரி முடிவதற்குள் அகாடமிக்குக் காகிதம் போய்ச்சேர வேண்டும். இது அக்டோபர். ஒரு நாள், ஒரு டாக்டர், ஒரு மணி நேரம்.

மூன்று. எதில் மூன்று போகும்? எமரென்சியா தனக்குத் தெரியாமலே அவரைக் கூறு போட்டுக்கொண்டிருந்தாள், மூன்று வாரமாக அப்படித்தான், சோறு போடும்போது, துணி மடிக்கும்போது, இந்த ஆளிடம் மிச்சம் இருக்கிற எட்டு எது, எந்த எட்டோடு நான் குடும்பம் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது முன்பெஞ்சு வேண்டாம் என்று கடைசி பெஞ்சில் கதவைப் பார்த்து உட்காருகிறாரே, அது போன எழுபது. பெரிய மழைக்குத் தட்டு கழுவிக்கொண்டே பாட்டு முணுமுணுக்கிறாரே, அது மிச்சம். ரெனிட்டாவின் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொடுக்க முடியாமல் பற்களால் இழுத்தது போன நாற்பது, அதைக் கண்டு பிள்ளை சிரிக்க, கூடவே சிரித்தது மிச்சம். அந்த மிச்சத்தில் மூன்றை எடுத்துக்கொள் என்று யாரிடம் கேட்பது. பனிமய மாதாவே என்று ஆரம்பிப்பாள், சின்ன வயசிலிருந்து எதற்கும் அப்படித்தான் ஆரம்பம், ஆரம்பித்து அடுத்த வார்த்தையில் நின்றுவிடுவாள். அவரைக் குணமாக்கு என்று பன்னிரண்டு வருஷமாகக் கேட்ட அதே மாதாவிடம் இப்போது என்ன கேட்பது, இன்னும் கொஞ்சம் மோசமாகத் தெரியவை என்றா? உள்ளதைத்தானே கேட்கிறேன், இல்லாததை இட்டுக்கட்டச் சொல்லவில்லையே, அவர் மறைப்பதால்தானே தொண்ணூறு, மறைக்காவிட்டால் எப்போதோ நூறு. சரிதான். ஆனால் வேண்டுதல் என்று வாயைத் திறந்தால் அது சாபம் மாதிரிதான் வருகிறது.

சரி, நூறு கிடைத்துவிட்டால்? அங்கே போய் நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது. நூறு கிடைத்தால் ரெனிட்டா போவாள். எங்கே போவாள், அவர் போன அதே இடத்துக்கு. தகப்பன் உடைந்து வந்த கதவு வழியாகப் பிள்ளையை உள்ளே விடுகிறார்கள், தகப்பன் எவ்வளவு உடைந்தானோ அவ்வளவு அகலத்துக்குக் கதவு திறக்கிறது. எந்தத் தாய் இதற்காக மருத்துவமனை வாசலில் காத்திருப்பாள்? ஒருவேளை அவர் அதனால்தான் நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன் என்கிறாரோ, அது வீம்பே இல்லையோ, பிள்ளையைப் போகவிடாமல் பிடிக்கத்தானோ. அப்படியானால் அவரை உள்ளதைச் சொல்லுங்க சொல்லுங்க என்று தள்ளிவிட்டவள் நான். சொல்லவில்லையானால் பிள்ளையின் முகம் விழுந்துபோகும், போன வருஷம் கடிதங்கள் வந்தபோது விழுந்த மாதிரி, அந்த முகத்தோடு இன்னொரு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட முடியாது. சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். கை எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது. எமரென்சியா எழுந்து காப்பி மெஷினிடம் போய்க் காகிதக் கோப்பையை வைத்து, எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அவர் எதுவும் சொல்ல மாட்டார். பதில் சொல்லாத மனுஷன். இதைவிடப் பெரிய விஷயத்துக்கே பதில் சொல்லாதவர். அம்மா இறந்த அன்று ஊரிலிருந்து தம்பி போன் பண்ணினான், கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள், பெர்க்மான்ஸ் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார், "என்னங்க, அம்மா போயிட்டாங்க" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். நேராகப் பார்த்தார், கண் அவள்மேல்தான் இருந்தது. ஒரு வார்த்தை இல்லை. சப்புக்கொட்டுகிற மாதிரி உதட்டை அசைத்தார், சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார், "உங்களத்தான், அம்மா போயிட்டாங்க" என்று அவள் கத்தினாள், அப்படியே நின்றார். பிறகு கரண்டியைத் தேடிக்கொண்டே, "போன்ல யாரு?" என்றார். அவ்வளவுதான். அவள் படுக்கையறைக்குப் போய்க் கதவைத் தாழ்போட்டாள். அப்புறம் அவர் வந்து கதவைத் தட்டினார், அழுதார், டிக்கெட் போட்டார், ஊர்வரை கூடவே வந்து சவப்பெட்டியைத் தோளில் தூக்கினார், எல்லாம் செய்தார், ஆனால் அந்த அரை நிமிஷம் ஒன்பது வருஷமாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. எந்தச் சண்டையிலும் கடைசியில் அங்கே போய்த்தான் நிற்பாள், மனசுக்குள்ளேயே. வெளியே சொன்னதில்லை.

"மிஸஸ் பெர்நாண்டோ?"

கதவைத் திறந்துகொண்டு டாக்டரே நின்றாள். டாக்டர் மெண்டெஸ், நாற்பது வயசிருக்கும், கழுத்தில் கண்ணாடி தொங்கியது. உள்ளே வர முடியுமா, உங்களிடமும் சில கேள்விகள் இருக்கின்றன என்றாள். நர்ஸாக எமரென்சியா எத்தனையோ பேரின் குடும்பத்தை இப்படி உள்ளே கூப்பிட்டிருக்கிறாள், என்ன குரலில் கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே பெர்க்மான்ஸ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தலை குனிந்திருந்தது. நீலச் சட்டையின் மேல் பொத்தான் இரண்டும் கழன்றிருந்தன.

டாக்டர் உட்காரச் சொன்னாள். "உங்கள் கணவருக்கு வருகிற அந்த நேரங்களைப் பற்றிக் கேட்க வேண்டும். அவருக்கே அது ஞாபகம் இருப்பதில்லை, அதனால் கூட இருந்து பார்த்தவர் ஒருவர் சொல்வது முக்கியம். எவ்வளவு நேரம் நீடிக்கிறது?"

"எந்த நேரங்கள்?" என்றாள் எமரென்சியா.

டாக்டர் பெர்க்மான்ஸைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். டாக்டர் மெதுவாகச் சொன்னாள், கண் திறந்திருக்கும், ஆனால் அவர் அங்கே இருக்க மாட்டார். கூப்பிட்டால் கேட்காது. உதடு அசையும், சப்புக்கொட்டுகிற மாதிரி. கை துணியைத் தடவும், பொத்தானைத் தடவும். அரை நிமிஷம், ஒரு நிமிஷம். முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார், நடுவில் நடந்தது ஒன்றும் தெரியாது. தலைக் காயத்துக்குப் பிறகு வருகிற ஒரு வகை வலிப்பு. கீழே விழுந்து கைகால் இழுக்காததால் வீட்டில் இருப்பவர்கள் கவனிக்காமலே போகலாம்.

கவனிக்காமலா. எமரென்சியா கவனித்தாள். அவளைப்போல யாரும் கவனித்திருக்க முடியாது, ஒவ்வொன்றையும் கவனித்தாள், ஒவ்வொன்றையும் ஞாபகம் வைத்தாள், தேதியோடு வைத்தாள். கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் நின்றதை, மேசையில் எதிரே உட்கார்ந்து வீட்டுக் கடனைப் பற்றிப் பேசும்போது நடுவில் வாயை மெல்லுகிற மாதிரி அசைத்துக்கொண்டு எங்கோ பார்த்ததை, ரெனிட்டாவின் பள்ளிக்கூடக் கச்சேரியில் எல்லோரும் எழுந்து கைதட்ட இவர் மட்டும் சட்டையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை. எல்லாவற்றுக்கும் அவளிடம் பெயர் இருந்தது, திமிர் என்று, அலட்சியம் என்று, என்னை மதிக்கவில்லை என்று. இருபது வருஷ நர்ஸ். வாரத்துக்கு ஐந்து நாள் அடுத்தவர் முகத்தைப் பார்த்து இவருக்கு இப்போது பிரஷர் இறங்கப்போகிறது என்று மெஷினுக்கு முன்னால் சொல்கிறவள். வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டி ஆகிவிடுகிறாள், பெண்டாட்டிக்கு எல்லாமே தன்னைப் பற்றியதாகத் தெரிகிறது. அடுப்படியில் நின்ற அந்த முகம். அந்த உதடு. கூப்பிட்டது கேட்கவேயில்லை அவருக்கு. ஒன்பது வருஷம் அவள் மனசுக்குள் பழித்தது அந்த நேரத்தில் அங்கே இல்லாத ஒருவரை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" தமிழில்தான் வந்தது.

"எனக்கே தெரியாது எமி. ரெண்டு வருஷம் முன்னாடி ரெனிட்டாதான் பாத்தா. வண்டில வச்சி. சிக்னல் பச்சை விழுந்திருச்சி, நான் அப்படியே இருந்திருக்கேன், பின்னாடி எல்லாவனும் ஹாரன் அடிக்கான். டாடி டாடின்னு கூப்பிட்டிருக்கா. அவதான் பிரேக்க இழுத்தா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா நீ சும்மா விடுவியா? நர்ஸு. லைசென்ஸ அன்னைக்கே புடுங்கி வச்சிருப்ப. அவகிட்ட மாதா மேல சத்தியம் வாங்கினேன். அதான் வேல பாக்குற கிட்டங்கில சரக்கு தூக்குற ஃபோர்க்லிஃப்ட்ட விட்டுட்டு பேக்கிங்குக்குப் போனேன், முதுகு வலின்னு உங்கிட்ட சொன்னேன். காலைல அவதான் கொண்டுபோய் விடுதா. நீ டியூட்டி முடிஞ்சி வாரதுக்குள்ள திரும்பி வந்துருவா."

விடியற்காலை நாலரை மணிக்குப் பிள்ளை எழுந்து ஓடப் போகிறாள் என்று எமரென்சியா நினைத்திருந்தாள். தலைமாட்டில் ஷூ தயாராக இருக்கும். இரண்டு வருஷம். போன வருஷம் மூன்று கடிதம் வந்தபோதும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும், ஒரு வார்த்தை சொன்னால் அப்பாவின் எண் மாறும், எண் மாறினால் தனக்கு வழி திறக்கும். சொல்லவில்லை. சத்தியம் என்றால் சத்தியம். இந்த மாதிரிப் பிள்ளையைத்தானே அந்த அகாடமிக்காரர்கள் தேடுகிறார்கள் என்று எமரென்சியாவுக்குத் தோன்றியது. நாமினேஷன் வந்தாலும் வராவிட்டாலும் அவள் வீட்டை விட்டு எப்போதோ போயாயிற்று, போனது தாய்க்குத்தான் தெரியவில்லை.

"அப்ப இன்னைக்கு மட்டும் எதுக்கு சொன்னீங்க?"

"அவ போயிட்டா காலைல யாரு என்னக் கொண்டு விடுவா? உங்கிட்ட சொல்லித்தானே ஆகணும்." அவர் இப்போதுதான் நிமிர்ந்தார். "அதுமில்லாம, அவ எங்கிட்ட எதுவுமே கேட்டதில்ல எமி. இதையும் கேக்கல."

டாக்டர் பொறுமையாக இருந்தாள். அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது, ஆனாலும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்திருந்தாள். பிறகு கேட்டாள், மிஸஸ் பெர்நாண்டோ, நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? வாரத்துக்கு எத்தனை தடவை?

பார்த்ததில்லை என்று சொல்லலாம். எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது ஒருவிதத்தில் உண்மையும்கூட. சொன்னால் எட்டு எட்டாகவே இருக்கும், தொண்ணூறு தொண்ணூறாகவே இருக்கும், பிள்ளை வீட்டில் இருப்பாள், இவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடப்பார், ஒருநாள் ஏதோ ஒரு சிக்னலில் பச்சை விழும். பார்த்தேன் என்று சொன்னால் ஒரே வார்த்தையில் இரண்டு பேரும் போய்விடுவார்கள், ஒருத்தி அங்கே, ஒருவர் இங்கேயே. எமரென்சியா எண்ணத் தொடங்கினாள். எண்ணுவதற்கு அவளிடம் வேறு கணக்கு ஏது, சண்டைக் கணக்குத்தான் இருந்தது. இந்த ஏழு நாளில், செவ்வாய்க்கிழமை கேஸ் பில்லைப் பற்றிக் கேட்டபோது. வெள்ளிக்கிழமை வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தபோது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து. அதற்கு முந்தின வாரம் மூன்று, அதற்கும் முந்தின வாரம் நான்கு. அதில் ஒன்றிரண்டு நிஜமான கோபமாகவும் இருந்திருக்கும், மனுஷன்தானே, கோபப்படுகிற உரிமை அவருக்கும் உண்டு. ஆனால் எது கோபம் எது வலிப்பு என்று இனிமேல் யார் பிரித்துத் தருவது. பிரிக்க முடியாது. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எதையுமே சொல்லக் கூடாது.

"சொல்லு எமி" என்றார் பெர்க்மான்ஸ்.

"வாரத்துக்கு மூன்று" என்றாள் அவள் ஆங்கிலத்தில். குரல் வார்டில் பேசுகிற குரலாக வந்தது. "சில வாரம் நான்கு."

"எப்போதிலிருந்து?"

"அவர் திரும்பி வந்ததிலிருந்து."

"குறிப்பாக ஏதாவது ஒன்று நினைவிருக்கிறதா? தேதி தெரிந்தால் நல்லது."

தெரியும். வருஷம், மாசம், தேதி, சட்டியில் என்ன கொதித்தது என்பதுவரை தெரியும். சொன்னாள். என் அம்மா இறந்த செய்தியை அவரிடம் சொன்னேன், அவர் பதில் சொல்லவில்லை என்றாள். டாக்டர் தட்டச்சு செய்தாள். பெர்க்மான்ஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "என்ன சொல்லுத? எப்ப?" என்றார். "நீ வந்து சொன்னியா? எங்கிட்டயா?" அவள் பதில் சொல்லவில்லை. அவர் இரண்டாவது தடவையும் கேட்டார். அவள் அவருடைய சட்டையின் கழன்ற பொத்தான் இரண்டையும் போட்டுவிட்டாள்.

கடைசியில் டாக்டர் சொன்னாள், எண்ணை முடிவு செய்வது நான் அல்ல, ஆனால் இது மாறும் என்றே நினைக்கிறேன். அப்புறம் குரலைத் தாழ்த்தி, இன்றையிலிருந்து வண்டி ஓட்டக் கூடாது, திரும்பிப் போகும்போதும் கூடாது என்றாள். பெர்க்மான்ஸ் தலையாட்டினார். சட்டைப்பைக்குள் இடது கையை விட்டுச் சாவியை எடுத்து எமரென்சியாவிடம் நீட்டினார், ஏதோ கடையில் மிச்சம் வாங்கிக் கொடுக்கிற மாதிரி, சாதாரணமாக.

வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. அவள் ஓட்டுநர் பக்கம் ஏறி இருக்கையை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள். அவர் மறுபக்கம் ஏறிப் பெல்ட்டை இடது கையால் இழுத்து மாட்ட முடியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினார், அவள் ஓட்ட அவர் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. வண்டி நகரும் முன் போன் அடித்தது, ரெனிட்டா. வகுப்புக்கு நடுவில் வெளியே வந்து கூப்பிடுகிறாள் போல, காற்று இரைந்தது. "அம்மா, முடிஞ்சுதா? டாடி என்ன சொன்னாங்க?"

எமரென்சியா வாயைத் திறந்தாள். போகாத என்று சொல்ல வந்தது. தேங்க்ஸ் என்று சொல்ல வந்தது. எனக்கு ஏன் சொல்லல என்று சொல்ல வந்தது. பெர்க்மான்ஸ் போனை வாங்கினார்.

"எல்லாம் சொல்லியாச்சிம்மா" என்றார். "அம்மாவும் சொன்னா. கிடைச்சிரும், பயப்படாத."

அந்தப் பக்கம் சின்னதாக ஒரு மூக்கு உறிஞ்சல். போன வருஷம் அழாதவள் இப்போது அழுதாள். "டாடி, அப்ப இனிமே ஓட்ட மாட்டீங்களா?" என்றாள். அவர் சிரித்தார். சந்தோஷமாகவே சிரித்தார், பரீட்சையில் தேறின பையன் மாதிரி. தன் உடம்பு மோசம் என்று டாக்டர் ஒத்துக்கொண்டதற்கு ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷப்படுவதை எமரென்சியா எந்த வார்டிலும் பார்த்ததில்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஜனவரி இரண்டாம் வாரம் நூறு என்று கடிதம் வந்தது. மூன்றாம் வாரம் நாமினேஷன் பட்டியலில் ரெனிட்டாவின் பெயர் ஏறியது. ஜூன் கடைசியில் ஒரு பெட்டியோடு அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு இருவரும் திரும்பி வந்தார்கள். மாத்திரை ஆரம்பித்த பிறகு அந்த நேரங்கள் குறைந்தன, நிற்கவில்லை. ஆனால் இதெல்லாம் பிறகு. அன்றைக்கு அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வாகன நிறுத்தத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் வளைவும், இடப்பக்கமிருந்து வரும் வண்டிகளும்தான். ஹைவேயில் ஏறினாள். பத்து வருஷமாக ஓட்டுகிறவள், அன்றைக்குப் புதிதாகப் பழகுகிறவள் மாதிரி இருந்தது. முன்னால் ஒரு பெரிய லாரி. பெர்க்மான்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. கண் ரோட்டின்மேல் இருந்தது. பேசாமல் இருக்கிறாரா, இல்லை இங்கே இல்லையா என்று பார்க்க அவள் ஒரு கணம் திரும்பினாள். உதடு அசையவில்லை. கை தொடையின்மேல் சும்மா கிடந்தது. கீழே அவருடைய வலது கால், பாலிஷ் போட்ட ஷூவோடு, ஒன்றும் இல்லாத ரப்பர் விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. லாரி நெருங்க நெருங்க இன்னும் அழுத்தியது. எமரென்சியா பிரேக்கில் கால் வைத்தாள். அவர் அழுத்துகிற அளவுக்கு அவளும் அழுத்தினாள், அவர் கால் தளர்ந்தபோது அவளும் தளர்த்தினாள், வீடு வந்து சேரும்வரை அப்படியே ஓட்டினாள்.